அச்சு தாங்கும் அளவு

(திருவாலங்காட்டில் கரும்பு விவசாயிகள், வாகன உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்தின சபை இருக்கும் ஊரில் பேச வருகிறவர்கள் ஊர்த்துவ தாண்டவத்தையும் காரைக்கால் அம்மையாரையும் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். என்னை இரும்பையும் எண்ணெயையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இதுவும் இந்த ஊருக்கு உரிய பொருள்தான். அரவைக் காலத்தில் இங்குள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு முன்னால் கரும்பு ஏற்றி நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்த எவரும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

இந்த வட்டாரத்தைச் சுற்றி எத்தனை வண்டிகள் பிறந்திருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் வளர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ராணுவத்தின் ஸ்டாலியன் லாரி அந்த நிறுவனத்தின் வடிவமைப்பு. ஆவடியில் டாங்கிகள் உருவாகின்றன. திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் வெளிவந்தது. பிறகு பஜேரோவும் அங்கேதான் பூட்டப்பட்டது. இசுசு நிறுவனம் இந்தியாவில் கால் வைத்தபோது டி-மேக்ஸ் பிக்கப்பை முதலில் அதே ஆலையில்தான் பூட்டியது. 2016இல் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து அங்கே போனது. கரடுமுரடான பாதைக்கென்று செய்த வண்டிகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

என்னிடம் வண்டி வாங்க யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், ஃபோர் வீல் எடுத்தா எவ்வளவு லோடு தாங்கும்?" கேள்வியிலேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் அதிக பாரம் தாங்கும் என்று நாம் நம்புகிறோம். உண்மை நேர்மாறு. முன் சக்கரங்களுக்கும் விசையை அனுப்ப ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும், முன்பக்கம் இன்னொரு கிரவுன் பினியன் வேண்டும், அதற்கு ஒரு தண்டு வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தால் சின்ன வண்டியிலேயே சுமார் 100 கிலோ வரும். சேஸிஸும் டயரும் ஒன்றாக இருக்கும்போது, வண்டியின் சொந்த எடையில் கூடிய அந்த 100 கிலோ, ஏற்றக்கூடிய பாரத்திலிருந்துதான் கழியும். மாட்டு வண்டியில் இன்னொரு ஜோடி மாட்டைப் பூட்டினால் இழுவை கூடும், அச்சு வலுவாகிவிடாது.

அப்படியானால் ஃபோர் வீல் எதற்கு? பிடிமானத்துக்கு. மழையில் ஊறிய கழனியிலிருந்து வெளியே வர, மணலில் புதையாமல் நகர, செங்குத்தான மண் ஏற்றத்தில் லோ கியரில் நின்று நிதானமாக ஏற. அந்த வேலை இல்லாதவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் ஓடும் பிக்கப், ஜீப் வகையில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரம் போகும் தூரம் வேறு, பின் சக்கரம் போகும் தூரம் வேறு. மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. முறுக்கு முழுவதும் கியரிலும் தண்டிலும் போய் ஏறும். வண்டி கெட்டது என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களில் சிலர் தாங்களே கெடுத்துக்கொண்டவர்கள்.

இனி பாரத்துக்கு வருகிறேன். பாரக் கணக்கு எளியது. வண்டி மொத்தமாக இருக்கலாம் என்று பதிவுச் சான்றில் அனுமதித்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றலாம் என்ற அளவு. டிரைவர், கிளீனர், தொட்டியின் மேல் கட்டிய இரும்புக் கூண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். கூண்டு கட்டும்போது அதன் எடையை யாரும் கழிப்பதில்லை.

உலகின் முதல் புகழ்பெற்ற ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த அந்த வண்டியை அமெரிக்க ராணுவம் தன் ஏட்டில் 'கால் டன் லாரி' என்றுதான் எழுதியிருந்தது. அதன் ஏற்றுத் திறன் 800 பவுண்டு. நம் கணக்கில் 363 கிலோ. ஆட்களையும் சேர்த்து அவ்வளவுதான். 1940களின் பிற்பகுதியில் மஹிந்திரா அதே வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியபோதும், அது பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வந்து நின்றபோதும், அந்த ஜீப்பின் எலும்பு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதன் பெயருக்கு ஏற்பட்ட கீர்த்தியினால் நம் மக்கள் அதில் ஒரு டன்னை ஏற்றினார்கள். அது நகர்ந்தது, எந்த வண்டியும் நகரும். நகர்வது வேறு, தாங்குவது வேறு.

ராணுவக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். ஸ்டாலியன் லாரியை அவர்கள் '5/7.5 டன்' என்று இரண்டு எண்ணால் அழைப்பார்கள். கரடான நிலத்தில் 5 டன், நல்ல ரோட்டில் ஏழரை டன். வண்டி ஒன்றுதான், தரை மாறினால் அளவு மாறுகிறது. நம் கழனிப் பாதையில் ஓடும் எந்த பிக்கப்புக்கும் இந்த இரட்டைக் கணக்கை நாம் போடுவதில்லை. சின்ன வண்டியிலும் ராணுவம் இப்படித்தான் செய்தது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி அவர்கள் ஏட்டில் 500 கிலோ வகை. அதற்கு மேலான வேலைக்கு ஜி.எஸ்.800 என்று புதிய வகை வகுத்தார்கள்: குறைந்தது 800 கிலோ ஏற்ற வேண்டும், கெட்டிக் கூரை வேண்டும், ஏ.சி. வேண்டும். டாடா, மஹிந்திரா இரண்டும் போட்டியில் நின்றன. 2017இல் 3,192 சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு டாடா ஆர்டர் பெற்றது. என்ன எடையை, எந்தத் தரையில் என்று முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் அவர்கள் வண்டியைப் பார்த்தார்கள்.

ஸ்ரீசிட்டியில் செய்யும் டி-மேக்ஸையே பாருங்கள். வணிகப் பதிவுக்கு வரும் ஒற்றை கேபின் வண்டி ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும். சொந்த உபயோகத்துக்கு விற்கும் வி-கிராஸ் ஃபோர் வீல் வண்டி பார்ப்பதற்கு அதைவிட முரட்டுத்தனமாக நிற்கிறது. அதற்கு அனுமதித்த பாரமோ சில நூறு கிலோதான். ஐந்து பேர் உட்காரும் கேபின், அவர்களுக்கு நோகாத ஸ்பிரிங் பட்டை, பதிவில் வேறு எடை. ஆக, உயரத்தையும் டயரின் அகலத்தையும் பார்த்து பாரத்தை ஊகிக்கவே முடியாது. டயரின் பக்கச் சுவரில் ஒரு எண் இருக்கும், படித்துப் பழகுங்கள். 100 என்றிருந்தால் அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 110 என்றால் 1,060. 121 என்றால் 1,450. அதுவும் சரியான காற்று இருந்தால் மட்டும்.

இப்போது இந்தத் துண்டைப் பாருங்கள். ஒரு பிக்கப்பின் பின் ஆக்சில் தண்டு. பட்டறையில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். முன் வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பார்த்து, பின்னால் அனுப்புங்கள். முறிந்த முகத்தில் விரல் வைத்தால் இரண்டு விதமான பரப்பு தெரியும். ஓரத்திலிருந்து உள்ளே முக்கால் பாகம் வழவழப்பாக, ஆற்றில் தண்ணீர் வற்றும்போது கரையில் படியும் வரிகளைப் போல வளைவு வளைவாக இருக்கிறது. மீதிக் கால் பாகம் சொரசொரப்பாக, உடைத்த கல்லைப் போல மினுங்குகிறது. அந்தச் சொரசொரப்புதான் அது முறிந்த நாள். வழவழப்பான பகுதி, அதற்கு முன்னால் பல மாதங்களாக விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போன வரலாறு.

மயில் இறகே ஆனாலும் அளவுக்கு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னது உங்களுக்குத் தெரியும். கடைசி இறகு விழுவதற்கு முன்னால் அச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தத் துண்டு காட்டுகிறது. அதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் அகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியர். ரயில் அச்சுகள் அதிகமாக முறிந்துகொண்டிருந்த காலம் அது. ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தத் திருவாலங்காடு வழியாகப் போன அதே ஆண்டுகளில்தான் அவர் அந்தச் சோதனைகளில் இறங்கினார். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு என்று அவர் கண்டார். அந்த எல்லைக்குக் கீழே வளைத்தால் கோடிக்கணக்கான முறையும் தாங்கும். எல்லைக்கு மேலே போனால், ஒவ்வொரு வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே வரும்.

எத்தனை வளைவு என்று கேளுங்கள். நம் பிக்கப் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரில் சக்கரம் நாலரைக் கோடி முறை சுற்றும். வண்டியின் பாரம் தண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அமைப்பில், அந்தத் தண்டு நாலரைக் கோடி முறை வளைந்து நிமிர்கிறது. இந்த அமைப்பைத்தான் செமி ஃப்ளோட்டிங் என்கிறோம். தண்டு முறிந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும். ஃபுல் ஃப்ளோட்டிங் அமைப்பில் பாரம் முழுவதும் ஹவுசிங் மேலே, இரண்டு பேரிங் வழியாக உட்காரும். தண்டுக்குச் சுழற்றுகிற வேலை மட்டும்தான். அது முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். ஃபோர் வீல் வண்டியாக இருந்தால் உடைந்த தண்டை உருவிப் போட்டுவிட்டு முன் சக்கர இழுவையில் மெதுவாக ஊர் வந்து சேரலாம்.

போருக்குச் செய்த வில்லிஸ் ஜீப்பில் பின்பக்கம் ஃபுல் ஃப்ளோட்டிங்தான் இருந்தது. பொதுமக்களுக்கென்று வந்த சி.ஜே. வகையில் சீக்கிரமே செமி ஃப்ளோட்டிங்குக்கு மாறினார்கள். செலவு குறைந்தது, மிதமான பாரத்துக்கு அதுவே போதும். அதில் நாம் லாரிப் பாரத்தை ஏற்றினோம். வண்டியை ஒப்பிட வருகிறவர்கள் குதிரைத் திறனையும் டச் ஸ்கிரீனையும் கேட்கிறார்கள். பின் ஆக்சில் எந்த வகை என்று கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பாரமும் நம்பகமும் சேர்ந்து வாழ்கிற இடம் அதுதான்.

பேரிங்கின் கணக்கு இன்னும் கறாரானது. பால் பேரிங்கின் ஆயுள் பாரத்தின் கன மடங்கில் குறையும் என்பது பொறியியலில் நிலைபெற்ற விதி. பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதி ஆகாது. எட்டில் ஒரு பங்காகும். 20 சதம் கூடுதலாக ஏற்றினாலே ஆயுள் ஐந்தில் மூன்று பங்குக்கும் கீழே போய்விடும். ரோட்டுக்கு இதைவிட மோசம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டி ஓட்டிச் செய்த பெரும் சோதனையில், அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ரோடு சேதமாவது தெரிந்தது. அதே 20 சதம் ரோட்டுக்கு இரண்டு மடங்கு அடி. நம் கிராமச் சாலை ஒரே மழையில் பெயர்ந்து போவதற்குக் கான்ட்ராக்டரை மட்டும் காரணம் சொல்லிப் பயனில்லை.

இதற்கு நம் ஊர் வைத்தியம் ஒன்று இருக்கிறது: பட்டை கூட்டுவது. பட்டறையில் போய் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டால் வண்டியின் பின்புறம் தொங்காது. தொங்காததனால் பாரம் தாங்குகிறது என்று மனம் நம்பிவிடும். ஆக்சில் அதே ஆக்சில், பேரிங் அதே பேரிங், பிரேக் அதே பிரேக், டயரும் அதே டயர். முன்பு பட்டை வளைந்து வாங்கிக்கொண்ட குலுக்கல் இப்போது நேராக சேஸிஸுக்குப் போகிறது. காலியாகத் திரும்பும்போது பின் சக்கரம் துள்ளும். மழையில் பிரேக் பிடித்தால் பின்புறம் இழுத்துக்கொண்டு போகும். பட்டை கூட்டிய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

இன்னொன்று, தொங்கு பாரம். கரும்பையோ கம்பியையோ பின் ஆக்சிலுக்கு வெளியே நீட்டி ஏற்றுகிறோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் அப்பால் 300 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 400 கிலோ. அந்தக் கூடுதல் 100 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து தூக்கி எடுத்தது. ஸ்டீயரிங் லேசாகிறது, முன் சக்கரம் தரையில் அழுந்தாததால் ஃபோர் வீல் போட்டும் பயனில்லை. முன் சக்கர இழுவைக்கென்று லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, ஏற்றும் முறையாலேயே அதை இழந்துவிடுகிறோம்.

நம்பகம் என்றதும் உடையாத வண்டி என்று பொருள் கொள்கிறோம். உடையாத வண்டி எங்கும் இல்லை. உடையும் முன் சொல்ல வேண்டும், உடைந்தால் அங்கேயே சரிசெய்ய முடிய வேண்டும், அதற்கான சாமான் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளப் பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். அந்தக் கல் பாதையில் இத்தனை ஆண்டுகளாகப் பழைய மஹிந்திரா ஜீப்புகள்தான் ஏறி இறங்கி வந்திருக்கின்றன. அவை உடையாதவை என்பதால் இல்லை. ஓட்டுகிறவருக்கே அதைக் கழற்றிப் பூட்டத் தெரியும். லோ கியரில், பிரேக்கை நம்பாமல், ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டுகிறார். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள், பிறந்தபோது இருந்த எஞ்சின் போய் ஜப்பானிய டீசல் எஞ்சினோடு இன்றும் ஓடுவதற்கும் அதுவே காரணம். 1948இல் அந்த வண்டி வந்தபோது, போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு என்பதால் அலுமினியக் கலவையில் உடல் செய்தார்கள். மலை ஈரத்தில் துரு அவ்வளவு சீக்கிரம் தின்னவில்லை.

ஆனாலும் அதே லேண்ட் ரோவர் ஆஸ்திரேலியாவில் இடத்தை இழந்தது. 1950களின் பிற்பகுதியில், ஸ்னோயி மலைத் தொடரில் பெரும் நீர்மின் திட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பந்தக்காரரான லெஸ்லி தீஸ் டொயோட்டா லேண்ட் குரூசரைக் கொண்டுவந்து வேலையில் இறக்கினார். லேண்ட் ரோவருக்கு 2 லிட்டர் அளவிலான எஞ்சின். லேண்ட் குரூசருக்கு 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர். பாரத்தோடு மலை ஏறும்போது ஒன்று முழு மூச்சில் இருந்தது, மற்றதுக்கு மூச்சு மிச்சம் இருந்தது. திறனின் விளிம்பில் ஓடுகிற வண்டி முதலில் சலிக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். பழைய ஜீப்பும் மஹிந்திராவின் எம்.எம்.540உம் கழற்றிப் பூட்ட எளியவை. பாரத்துக்கு உரியவை அல்ல. ஜிப்ஸி லேசான வண்டி, மணலிலும் சேற்றிலும் அருமையாகப் போகும், அரை டன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா, இரும்பில் இவற்றையெல்லாம் விடக் கனம். அதன் 3,956 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட முடியாமல் டீசல் எஞ்சின் மாற்றுகிறார்கள், மாற்றுகிறவர் கைத்திறனைப் பொறுத்துத்தான் அதன் நம்பகம். இந்த வட்டாரத்து விவசாயிக்கு, வருஷத்தில் சில வாரம் மட்டும் சேற்றில் இறங்குகிறவருக்கு, ஒரு டன் வகை பொலிரோ கேம்பர் போன்ற எளிய பிக்கப் போதும் என்பேன். எந்த டவுனிலும் அதற்குச் சாமான் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் அதைத் தொட்டவர் இருப்பார். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி, சென்சார் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அவை கெட்ட வண்டிகள் அல்ல. ஆனால் மீட்டரில் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பட்டறைக்குத்தான் போயாக வேண்டும். அது உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கொசஸ்தலையாறு பற்றி ஒரு வார்த்தை. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. ஃபோர் வீல் இருக்கிறது என்று தண்ணீரில் இறங்காதீர்கள். ஓடும் நீர் வண்டியைத் தூக்கினால் எத்தனை சக்கரம் இழுத்தும் பயனில்லை, தரையைத் தொடாத சக்கரத்துக்கு ஏது பிடிமானம்? அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ஓடும் வெள்ளத்துக்குப் படகோடு வருகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

2019 செப்டம்பர் முதல் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அந்தப் பயத்துக்காக அல்ல, உங்கள் வண்டிக்காகவும் அதில் உட்காரும் பிள்ளைக்காகவும் ஒன்று கேட்கிறேன். வரும் அரவையில் பாரத்தோடு எடை மேடைக்குப் போகும்போது, அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் முழு வண்டியையும், பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, பதிவுச் சான்றோடும் டயரின் பக்கச் சுவரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மீறியிருந்தால் அடுத்த நடையில் பாரத்தைக் குறையுங்கள். சந்தேகம் இருந்தால் சீட்டோடு வாருங்கள், கூட்டம் முடிந்தும் நான் இங்கேதான் இருப்பேன்.